எந்த வேடம் கட்டுவது?

2024ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை நாம் பதுளைப் பகுதியில் கழித்தோம். ஹாலி எலைப் பக்கமுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நமக்கு ஒரு பழைய சிநேகிதர் உண்டு. கங்காணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியமாக, அந்தத் தோட்டத்தின் கூத்து வாத்தியார். லயத்தின் கடைசிக் காம்பிராதான் அவருடைய வீடு. இஸ்தோப்பில் நின்று பார்த்தால் நமுனுகுலை மலை தெரியும். தெரியும் என்று சொல்லக் கேள்வியே தவிர, நாம் தங்கியிருந்த மூன்று நாளில் இரண்டரை நாளை மழையும் மூடுபனியும் எடுத்துக்கொண்டன.

வெளியே போக வழியில்லாத அத்தகையதொரு மாலையில், வாத்தியாரின் பேரன் ஒரு பழைய கணினியின் முன் அமர்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தான். வயது பதினைந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவன். ஏதோ கணக்கில் தடுமாறுகிறான் போலும் என்றெண்ணி நாம் அருகே சென்றோம். பார்த்தால் அது விளையாட்டு. ஒரு மணி நேரமாக அவன் விளையாட்டைத் தொடங்கவே இல்லை. ஆடப்போகும் கதாநாயகனுக்கு எந்தெந்தத் திறமையை எவ்வளவு கொடுப்பது என்பதிலேயே நின்றுகொண்டிருந்தான்.

நம்மைக் கண்டதும், “ஐயா, நீங்களே சொல்லுங்கள். இவனை நல்லவனாக ஆடுவதா, கெட்டவனாக ஆடுவதா?” என்று கேட்டான்.

நாம் சிரித்துவிட்டோம். நல்லவனாக இரு என்று சொல்ல ஒரு பெரியவர் தேவையா? ஆனால் அவன் சிரிக்கவில்லை. “நல்லவனாக ஆடினால் சாமான் குறைவாகக் கிடைக்கும், ஐயா. கெட்டவனாக ஆடினால் ஊர்க்காரர்கள் பேசமாட்டார்கள். இரண்டிலும் நட்டம் இருக்கிறது” என்றான். அதற்குமேல் நமக்கும் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பகுதியை வாசிக்கும் தாய் தந்தையரில் பலர், கணினி விளையாட்டு என்றதும் துப்பாக்கிச் சத்தத்தையே நினைப்பார்கள். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது அதனின்றும் வேறானது. அதன் மூலபுருஷர்கள் அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் 1974இல் அவர்கள் வெளியிட்டதற்குக் கணினியே வேண்டியிருக்கவில்லை. காகிதம், பென்சில், பகடை ஆகியவற்றை வைத்துக்கொண்டு நாலைந்து நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் கட்டிக்கொண்டு, அடுத்து நான் இன்னது செய்வேன் என்று வாயால் சொல்வார்கள். உடல் வலிமை, புத்தி, விவேகம், தேக உறுதி, லாவகம், பிறரைக் கவரும் ஆற்றல் என்று வேடத்துக்கு ஆறு குணங்கள். ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டவேண்டும். மூன்றுக்குக் குறையாமல், பதினெட்டுக்கு மேற்படாமல் ஓர் எண் விழும். விழுந்தது விழுந்ததுதான். பிறக்கும்போதே தலையில் எழுதுகிற கதை.

பிற்கால விளையாட்டுகள் பலவற்றில் இந்தத் தலையெழுத்து மாறிற்று. பகடைக்குப் பதிலாக ஒரு கைப்பிடி புள்ளிகளைக் கொடுத்து, நீயே பங்கிட்டுக்கொள் என்றார்கள். நம் பையன் வைத்திருந்தது 1997இல் வெளிவந்த ‘ஃபால்அவுட்’. பழைய கணினியில் ஓடும் என்பதற்காக யாரோ தந்தது. அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்தபின், நிலத்துக்கடியில் வாழும் ஒரு கூட்டத்தாரின் குடிநீர் இயந்திரத்தில் ஒரு சிறு பாகம் பழுதாகிவிடுகிறது. அதைத் தேடிவர ஒருவனை வெளியே அனுப்புகிறார்கள். தவணை 150 நாள். (குழாயில் தண்ணீர் வராத நாள் எப்படிப்பட்டது என்பதை அந்த லயத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.) இதிலே குணங்கள் ஏழு. ஆறுக்கு மேலே அதிர்ஷ்டமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஐந்தில் நிற்கும். கையில் ஐந்தே ஐந்து புள்ளிகள் மிச்சம். இன்னும் வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து பிடுங்கித்தான் மற்றொன்றில் போட வேண்டும்.

பையன் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். “புத்தியை மிகவும் குறைத்துவிட்டால், ஐயா, இவனுக்குப் பேசவே வராது. உளறுவான். எதிரில் நிற்பவர்கள் இரக்கப்பட்டு விரட்டிவிடுவார்கள்” என்றான். இது உண்மையே. விளையாட்டைச் செய்தவர்கள் புத்தி குறைந்தவனுக்கென்று தனியாகவே உரையாடல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே புத்தியை உயர்த்தினான். அதற்கு ஈடாக, பிறரைக் கவரும் ஆற்றலைக் குறைத்தான். “இது சும்மா பல்லைக் காட்டுகிற குணம்தானே” என்றான்.

அப்போதுதான் அவனுடைய அக்காள் உள்ளிருந்து தேநீர் கொண்டுவந்தாள். பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த பெண். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. கோப்பையை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தவள், “அதைக் குறைக்காதே தம்பி. வெளியூருக்குப் போகிறவனுக்கு அதுதான் சோறு போடும்” என்று சொல்லி, பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். பையன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு குறைத்ததைத் திருப்பிப் போட்டான்.

திறமையைப் பங்கிடுவது ஒரு புறமிருக்க, நல்லவன் கெட்டவன் என்ற விவகாரத்துக்கு வருவோம். 1974இன் அந்த முதல் விளையாட்டில் ஒவ்வொரு வேடதாரியும் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்ற மூன்றில் ஒரு பக்கத்தைத் தன் சார்பாக அறிவித்துவிட வேண்டும். சில ஆண்டுகளில் இதனோடு நன்மை தீமை என்ற கோடும் குறுக்கே விழுந்து, மூன்று மூன்றாக ஒன்பது கட்டங்கள் ஆயின. சட்டத்துக்கு அடங்கிய நல்லவனும் உண்டு. சட்டத்தை மீறும் நல்லவனும் உண்டு. சட்டப்படியே கொடுமை செய்பவனும் உண்டு. இவ்வளவு தூரம் இது நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் இராமாயணம் கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு சந்தேகம். கும்பகருணனை எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது? அண்ணன் செய்வது தவறென்று முகத்துக்கு நேரே சொன்னவன். சொல்லிவிட்டு அந்த அண்ணனுக்காகவே போய் மாண்டவன். அவன் நல்லவனானால் வீடணன் யார்? வீடணன் நல்லவனானால் இவன் யார்? ஒன்பது கட்டமும் போதவில்லை என்பதை அந்த விளையாட்டுக்காரர்களும் மெல்ல மெல்லக் கண்டுகொண்டார்கள் போலும்; அதே மரபில் 2023இல் வந்து பெரும் புகழ் பெற்ற ‘பல்டர்ஸ் கேட்’ மூன்றாம் பாகத்தில், இந்தச் சார்பைக் கேட்கும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

நம்மைக் கேட்டால், இந்தத் துறையில் மிகவும் சிரத்தையாக யோசித்தவர் ரிச்சர்ட் கேரியட் என்போம். தமது ‘அல்டிமா’ வரிசையின் நான்காவது விளையாட்டை 1985இல் அவர் வெளியிட்டார். அதன் பெயரிலேயே ‘அவதாரம்’ என்ற நம்முடைய சொல் இருக்கிறது. அதில் கொன்று தீர்க்க வேண்டிய கொடுங்கோலன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், கண்ணியம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு அறங்களிலும் தேறுவதுதான் ஆட்டமே. தொடக்கத்தில் குறிசொல்லும் பெண்ணொருத்தி ஏழு கேள்விகள் கேட்கிறாள். ஒவ்வொன்றிலும் இரண்டு அறங்கள் மோதும், இரண்டும் நல்லவை, ஒன்றைத்தான் எடுக்கலாம். கடைசிவரை நீங்கள் கைவிடாத அறம் எதுவோ அதுவே உங்கள் வேடத்தைத் தீர்மானிக்கும். வீரத்தைப் பற்றிநின்றவர் போர்வீரராவார். பணிவைப் பற்றிநின்றவர் ஆட்டிடையராவார். எட்டு வேடங்களிலும் மிக எளியவர் அந்த ஆட்டிடையர்தாம். கையில் ஒரு தடியோடு பூதங்களின் நடுவே அவர் படும் பாடு சொல்லி மாளாது. பணிவுக்குப் பரிசு உண்டென்று பொய் சொல்லாத விளையாட்டு!

அதிலே மூலிகை விற்கும் வியாபாரிகளுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்லி, பணத்தை நீங்களே எண்ணி வைக்குமாறு கேட்பார்கள். குறைத்து வைத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஒன்றும் நடக்காது, மணி அடிக்காது, காவலாளி வரமாட்டான். ஆனால் உள்ளே ஓரிடத்தில் உங்கள் வாய்மைக் கணக்கில் விழுந்துவிடும். அந்தக் கணக்கு திரையில் இல்லை. ஞானி ஒருவரைத் தேடிச்சென்று கேட்டாலொழிய நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாது.

பின்னால் வந்தவர்கள் இந்தக் கணக்கைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். ‘ஃபால்அவுட்’டில் அதற்குக் ‘கர்மா’ என்றே தலைப்பு. கணக்கு கண்ணுக்குத் தெரிந்ததும் விபரீதம் தொடங்கிற்று. நல்லவன் என்ற பட்டத்துக்கு இன்னும் இவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால், வழியில் அகப்பட்ட ஏழைக்குக் காசை எறிந்து அதை நிரப்பிவிடலாம் அல்லவா? கோயிலுக்குக் குழல் விளக்கு வாங்கிக் கொடுத்து, வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு அதில் தம் பெயரை எழுதுகிறவர்கள் இந்த விளையாட்டில் வெகு சுலபமாக வெற்றி பெறுவார்கள்.

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது கூத்து வாத்தியாரிடம் சொன்னோம். அவருக்கு மாசி நெருங்கிவிட்ட கவலை. மலையகத் தோட்டங்களில் மாசி மாதமென்றால் காமன் கூத்து. பிறை கண்டு காமனை ஊன்றினால், தப்பு முழங்க மதனும் ரதியும் லயம் லயமாக வருவார்கள். இறுதி இரவில் தகனம். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று வேறு கூத்துகள் இருந்தாலும், முன்பின் மேடையேறாத இளைஞர்களும் விரதமிருந்து வேடம் கட்டுவது இதற்குத்தான். அவ்வாண்டு யாருக்கு எந்த வேடம் என்பதை அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

“எப்படித் தீர்மானிப்பீர்கள்?” என்று கேட்டோம்.

“குரலையும் காலையும் பார்ப்பேன். ரதிக்கு இரவெல்லாம் ஒப்பாரி. ஆண்பிள்ளைதான் கட்டுகிறான் என்றாலும் குரல் உடையக் கூடாது. எமனுக்குக் காலில் பலம் வேண்டும். வீரபத்திரனுக்கு மட்டும் குணம் பார்ப்பேன். கோபக்காரப் பயலுக்கு அதைக் கொடுக்கவே மாட்டேன். லயத்திலேயே சாதுவாக யார் இருக்கிறானோ அவனுக்குத்தான். கோபக்காரன் கட்டினால் வேடத்தைக் கழற்ற மாட்டான்” என்றார்.

கணினி விளையாட்டில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த வேடத்தைத் தாங்களே எடுக்கிறார்கள். இங்கே வேடத்தை வாத்தியார் கொடுக்கிறார், அதுவும் குணத்துக்கு எதிராக. பையன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். “தாத்தா, மதன் நல்லவனா கெட்டவனா?” என்றான்.

வாத்தியார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். சிவனார் தவத்தில் இருக்கிறார். சூரனின் கொடுமை பொறுக்காத தேவர்கள், அத்தவம் கலைந்தால்தான் விமோசனம் என்று மதனை ஏவுகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். எரிந்துபோவோம் என்று தெரிந்தும் அவன் போகிறான், மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண்ணில் சாம்பலாகிறான். தவசியின் தவத்தைக் கலைத்தவன் என்பதால் குற்றவாளி. தேவர்களுக்காகத் தன்னைக் கொடுத்தவன் என்பதால் தியாகி. மனைவியின் சொல்லைக் கேளாததால் வேறொன்று. இதைக்கொண்டே தமிழ்நாட்டு லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய வாதாடுவார்கள்.

“அவனா? அவன் சொன்ன வேலையைச் செய்தவன்” என்றார் வாத்தியார். அவ்வளவுதான். மீண்டும் சோற்றைப் பிசைந்தார்.

அதுவரை பேசாதிருந்த அவருடைய மனைவி இப்போது வாயைத் திறந்தார். “எங்களையும் ஒரு தாளில் கேட்டார்கள், ஐயா. இந்தியாவா, இலங்கையா என்று” என்றார். பையனுக்கு விளங்கவில்லை, இக்காலத்துப் பிள்ளைகள் பலருக்கும் விளங்காது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய பின், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். கணக்கில் நின்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. புள்ளிகளைப் பங்கிட்டவர்கள் வேறு யாரோ. தாளை நிரப்பியவர்கள் மட்டும் இவர்கள். மிச்சக் கணக்கைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

அம்மையாரின் தகப்பனார் இலங்கை என்று எழுதினார். மணமாகித் தனியே இருந்த தமையனார் இந்தியா என்று எழுதினார். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலம். பதுளை ரயில் நிலையத்தில் தமையனை வழியனுப்பியபோது அவர் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்ததாக அம்மையார் சொன்னார். அதற்குப்பின் அவரைக் காணவில்லை.

“யார் எழுதியது சரி, அப்பாயி?” என்று பையன் கேட்டான். அம்மையார் அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மறுநாட் காலை அந்தப் பெண்ணும் நாமும் ஒரே ரயிலில் புறப்பட்டோம். பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த இந்தப் பாதை தெமோதரையில் செய்யும் வேடிக்கையை வாசகர்கள் அறிவார்கள்: ரயில் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து, குன்றைச் சுற்றி வளைந்தேறி, அதே நிலையத்தின் மேடையில் வந்து நிற்கும். அந்த வளைவு முடியும்வரை அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஐயா, நேற்றுச் சொன்னீர்களே, கண் தெரியாத மூலிகை வியாபாரி. பணத்தைக் குறைத்து வைத்தால் அவருக்குக் கடைசிவரை தெரியாதா?” என்று கேட்டாள்.

தெரியாது என்றோம்.

சற்று நேரம் சென்று விஷயம் வெளிவந்தது. எட்டுப் பாடங்களில் நன்றாகச் சித்தியெய்தியவள் அவள். 2022இல் நாடு முழுவதும் நெருக்கடி வந்தபோது, அப்பாவும் அம்மாவும் நாளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது என்று ஆனது. உயர்தரத்துக்குப் போகவேண்டியவள் கொழும்புக்குப் போனாள். கணக்கில் கெட்டிக்காரி என்பதால் கடையில் வேலைநேரப் புத்தகம் எழுதும் பொறுப்பு அவளிடம் வந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு, மேலதிக வேலை செய்த நேரத்தில் பாதியை மட்டும் எழுதும்படி மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்களும் ஊவாவின் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தாம். புத்தகத்தைக் கேட்டுப் பார்க்க அவர்களுக்குத் துணிவில்லை.

“எழுதினாயா?” என்று கேட்டோம்.

“மார்கழி மாதம் எழுதினேன், ஐயா. தம்பியின் வகுப்புக் காசு இந்தச் சம்பளத்தில்தான் போகிறது. கணிதம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று” என்றாள்.

வாரந்தோறும் பத்திரிகையில் உபதேசம் எழுதுகிற நமக்கு அந்த நேரத்தில் ஒரு வாக்கியமும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். எழுதாதே என்றால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் நாமல்லர். எழுது என்று சொல்லவும் வாய் வரவில்லை. பண்டாரவளையில் வடை வாங்கினோம். அப்புத்தளையில் மூடுபனி பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. கோட்டை நிலையத்தில் தன் பையைத் தூக்கிக்கொண்டு, “வருகிறேன், ஐயா” என்று இறங்கிப் போனாள்.

மாசி கழிந்தபின் பையனிடமிருந்து கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. கூத்து நல்லபடியாக முடிந்ததாம். தாத்தா அவனுக்குத் தூதன் வேடம் கொடுத்தாராம். விளையாட்டில் தண்ணீர் இயந்திரத்தின் பாகம் கிடைத்துவிட்டதாம், 150 நாளுக்கு முன்பே. அக்காள் வேறு கடைக்கு மாறிவிட்டாள் என்றும், அங்கே சம்பளம் நாலாயிரம் குறைவு என்றும் எழுதியிருந்தான். “கணித வகுப்பை வைத்துக்கொண்டேன், ஐயா. ஆங்கிலத்தை நிறுத்திவிட்டேன். உங்களிடம் பழைய ஆங்கில இலக்கணப் புத்தகம் இருந்தால் அனுப்ப முடியுமா?”

அலமாரியில் ஒன்று இருந்தது. கடைசி நாலு பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. அதைப் பொதி கட்டி, திங்கட்கிழமை தபாலில் சேர்த்தோம்.